நாடாவில் ஒன்பது முடிச்சு

ஸ்பீக்கர் பெட்டியைத் தகரச் சுவருக்கு நேராக வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். இதை எழுதி முடிக்கவும் எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் ஒரு அறைக்குள் சத்தம் எங்கே போய் முட்டுகிறது, எந்த மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று கேட்டால் இந்த வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். வீட்டுக்கு நாலு சந்து தள்ளி ஒரு தையல் பட்டறை, கார்கானா என்பார்கள். சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் வேலை. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை, அங்கே துணி வெட்டுகிறவர். என்னை மைனி என்று கூப்பிடுவார், அண்ணி என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருக்குக் கித்தார் பைத்தியம். பழைய சாமான் கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரும் பிடித்து வந்து, தாளம் தட்டத் தெரிந்தவர்களையும் ஆர்மோனியக்காரர் ஒருவரையும் சேர்த்துப் பாட்டுக் கோஷ்டி தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கார்கானா லீவு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே ஒத்திகை.

பாட ஒரு பெண் வேண்டும் என்றார்கள். என் தங்கை பாடுவாள். எனக்கு ஏழு வயது இளையவள், கல்யாணம் ஆகவில்லை, வடாலாவில் அம்மாவோடு மாடி அறையில் இருந்தாள். ஆம்பிளைகள் கூட்டத்துக்குள் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அம்மா யோசித்தாள். கடைசியில், "நீ பக்கத்துல இருந்தா அனுப்புதேன், இல்லன்னா வேண்டாம்" என்று என்னிடம் சொன்னாள். அப்படித்தான் நான் ஒத்திகைக்குப் போனேன். துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து காவல் காப்பது என் வேலை.

முதல் நாள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கூரையும் தகரம், ஒரு பக்கச் சுவரும் தகரம். கித்தார் ஒரு தடவை ஒலித்தால் அது மூன்று தடவை திரும்பி வந்தது. என் தங்கை வாயைத் திறந்ததும் ஸ்பீக்கர் கூவத் தொடங்கியது. மைக்கின் சத்தம் பெட்டிக்குப் போய், பெட்டியின் சத்தம் மறுபடியும் மைக்குக்குள் போனால் அப்படிக் கூவும். பம்பாய்ப் பாஷையில் அதைச் சீட்டி அடிக்குது என்பார்கள். கொழுந்தன் ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தார். அது நிற்கவில்லை.

நான் சொன்னேன். "பெட்டி தகரத்தைப் பாத்துப் பாடுது. துணிக்கட்டைப் பாத்துப் பாடச் சொல்லுங்க."

ஆர்மோனியக்காரர் சிரித்தார். "மைனி காஜா எடுக்கது பத்தாதுன்னு கரண்டு வேலைக்கும் வந்துட்டாவளே."

"காஜா கோணலா இருந்தா பட்டன் நுழையாது. உங்க பாட்டும் அப்படித்தான் நிக்குது" என்றேன்.

எழுந்து போய்ப் பெட்டியை நானே இழுத்தேன். மைக்குக்கு முன்னால் கொண்டுபோய், முகத்தைத் துணிக்கட்டுகளின் பக்கம் திருப்பி, ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்தேன். கூரைக்குக் கீழே பழைய சாக்குகளைக் கட்டச் சொன்னேன். சீட்டி நின்றது. அடுத்த பாட்டில் என் தங்கையின் குரல் ஒவ்வொரு சொல்லாக வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் வராமல் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைக்கூட யாரும் தொடவில்லை. எனக்கு அதில் பெருமைதான். இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆம்ப்ளிஃபயரில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது எதற்கு? துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, குரலுக்கு உரிய குமிழில் நீலம், கித்தாருக்கு உரியதில் வெள்ளை என்று அடையாளம் வைத்தேன். தரையில் பெட்டிக்கு அடையாளம் போட்டால்தான் தங்காது. வாரம் முழுக்கக் கார்கானாவில் ஆட்கள் மிதித்து அழித்துவிடுவார்கள். அதனால் பாவாடைக்குக் கோக்கும் நாடாவில் நீளமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன். ஒரு நுனியை மைக் ஸ்டாண்டின் காலில் வைத்து, மறு பக்கத்தைப் பெட்டி வரைக்கும் இழுத்து, பெட்டி நிற்கும் இடத்தில் ஒத்திகைக்கு ஒரு முடிச்சு. அடுத்த ஒத்திகைக்கு நாடாவை விரித்தால் பெட்டியின் இடம் தெரிந்துவிடும். முதல் முடிச்சு மூன்று முழத்தில் விழுந்தது, இரண்டாவது அதை ஒட்டியே. அது புரட்டாசி மாதம். தை மாதம் மாட்டுங்காவில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் எங்கள் கோஷ்டிக்கு ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் தங்கைக்கு அந்த மேடை ஒன்றுதான் நினைப்பு.

மூன்றாவது ஒத்திகையில் அவள் குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. மழை விட்ட பிறகு வரும் வெயில், வடாலாவிலிருந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். நீலக் குமிழைச் சற்றுத் திருகினேன். திருகினால் சீட்டி அடிக்கும். சீட்டி அடிக்காமல் இருக்கப் பெட்டியை இன்னும் தள்ளி வைத்தேன். புது முடிச்சுப் போட்டேன். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை மைக்கை அவள் பக்கம் நகர்த்தினேன். முதலில் ஒரு கை தூரத்தில் நின்று பாடியவள் பிறகு ஒரு சாண் தூரத்துக்கு வந்தாள். நாடாவில் முடிச்சு வெளியே வெளியே போயிற்று. பெட்டி வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. கொழுந்தன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதான் பரோபர் மைனி, ரொம்பச் சரி. ரேடியோ மாதிரி இருக்கு" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆறாவது ஒத்திகையில் மைக் அவள் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. இரண்டு வரிக்கு நடுவில் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு.

ஆர்மோனியக்காரர் கையை நிறுத்தாமலே, "என்ன பிள்ள, என் பெட்டித் துருத்தியைவிட உன் துருத்தி சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது பாவாடையை நனைத்துக்கொண்டு வந்து நின்று என்னைப் பார்க்கும் அதே பார்வை. என் தங்கையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. மெல்லிசான மல்மல் துணியில் ஒரு சின்னத் துண்டு கிடந்தது. அதை இரண்டாக மடித்து மைக்கின் முகத்தில் போட்டு நூலால் கட்டினேன். மூச்சுச் சத்தம் போய்விட்டது. பாட்டு மட்டும் வந்தது.

"மைனிக்கு மந்திரம் தெரியும்" என்றார் ஆர்மோனியக்காரர். நான் அந்த மூச்சைக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் துணியைக் கட்டினேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா தாராவிக்கு வந்தாள். வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"மாடி ஏறும்போது பாதிப் படியில உக்காந்துக்கிடுதா. ராத்திரி ரெண்டு தலையணை வச்சாத்தான் தூக்கம் வருதுங்கா. பாதம் வேற வீங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா?"

"எம்மா, மூச்சு இல்லாதவ இப்படிப் பாடுவாளா? குரல் முன்னையவிட நல்லா இருக்கு. நீயே வந்து கேளு" என்றேன்.

அடுத்த ஒத்திகைக்கு அம்மா வந்தாள். அறையிலேயே சத்தம் நன்றாக விழுகிற இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு துணிக்கட்டை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். என் தங்கை பாடினாள். பெட்டியிலிருந்து குரல் முழுசாக வந்தது, ஒரு குறையும் இல்லாமல். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பின்னால் பாடுகிறவள் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான்தான் காலிபீலி, சும்மா கெடந்து பயந்துட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. தை மாதம் விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவு என் வாயிலிருந்து வந்ததுதான்.

ஒன்பதாவது முடிச்சு வாசற்படியிலேயே விழுந்தது. அதற்கு மேல் பெட்டியை நகர்த்தக் கார்கானாவில் இடம் இல்லை.

மாட்டுங்கா ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்கள் வைத்தோம். திரை மறைவில் நின்று நான் குமிழைப் பார்த்துக்கொண்டேன். மைக்கில் மல்மல் துணி கட்டியிருந்தது. அவள் நீலப் புடவையில் நின்று ஆறு பாட்டுப் பாடினாள். நடுவில் ஒரு பாட்டின்போது நான் ஹாலின் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டேன். வெற்றிலை போடுகிறவர்கூட மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்பும் வைத்ததில்லை, அதற்குப் பின்பும் வைத்ததில்லை.

கைதட்டல் ஓய்ந்தபோது அவள் திரைக்குப் பின்னால் வந்து, ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்த கள்ளிப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. உதடு புடவையின் நிறத்துக்கு வந்திருந்தது. கொழுந்தன் ஓடிப்போய் டாக்சி பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வயதான மனுஷர். நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். மைக் இல்லை, பெட்டி இல்லை, அவர் காதுக்கு எல்லாம் கேட்டது. இருதயத்துக்குள்ளே ரத்தம் போகிற வழி சுருங்கிவிட்டது, சின்ன வயதில் வந்த காய்ச்சல் செய்த வேலை என்றார். எங்களுக்குப் புரிகிற மாதிரிதான் இந்தியில் சொன்னார். மூச்சு வாங்குவது எத்தனை நாளாக என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் அம்மா.

நாடா என் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. பைக்குள் கையை விட்டு விரலாலேயே தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சுக்கு இரண்டு வாரம் என்று மூன்றாவது முடிச்சிலிருந்து எண்ணினேன்.

"மூணு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

அப்பொழுதே வந்திருந்தால் ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கியிருக்கும், இப்போது தாங்காது என்றார் டாக்டர். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இருபத்தி ரெண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். அதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

பதினோரு நாள் வார்டில் கிடந்தாள் என் தங்கை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை தவிர நான் அவளைப் பார்ப்பது அபூர்வம். பார்க்கும்போதும் நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன், அவள் மைக்குக்குப் பக்கத்தில் இருப்பாள். இப்போது அவள் பேசுவதைக் கேட்க அவள் வாயருகே என் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் அவள் குரல். எத்தனை நாளாக அவ்வளவுதான் இருந்ததோ.

"யக்கா, கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுட்டி. நான் அங்கன போய் நின்னு கேட்டேன்."

"மூச்சுச் சத்தம்?"

"கேக்கல."

"அந்தத் துணியைக் கட்டினியே, அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியாச்சு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா பாட விடமாட்டாங்கன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். நீ காப்பாத்திட்ட."

அவள் கையைத் தடவிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய. பதினோராம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வருஷத்து மழைக்காலம் முடிந்த பிறகு கொழுந்தன் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம் ஏதேதோ பேசிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "ஒரு பிள்ளை வந்திருக்கு மைனி. நல்லாப் பாடுது. நீங்க வராம பெட்டி சீட்டி அடிச்சே கொல்லுது" என்றார். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனேன்.

திலக் நகரிலிருந்து வந்த பெண், பதினெட்டு வயது இருக்கும். மைக்கில் மல்மல் துணி அப்படியே இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மைக்கை அவள் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் வைத்தேன். எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

"என்ன பாட்டுக்கா பாடட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பாடாத. சும்மா நில்லு. மூச்சு மட்டும் விடு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆர்மோனியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீலக் குமிழைத் திருகிவிட்டு நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் மூச்சு சீராகப் போயிற்று, சீராக வந்தது. வெகு நேரம் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எழுந்துபோய்ப் புது நாடா ஒன்று வெட்டினேன்.

பல வருஷம் அந்த வேலையைச் செய்தேன். எத்தனையோ பேர் வந்து பாடினார்கள். ஒருவருக்கும் நான் துணி கட்டியதில்லை. "மூச்சுச் சத்தம் வருதே மைனி" என்பார்கள். வரட்டும் என்பேன்.