களத்தில் சுற்றிய சைக்கிள்

காலை எட்டரைக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது பைசா, தூரம் பதினான்கு கிலோமீட்டர். மடியில் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கேமரா. ரோலுக்குப் பன்னிரண்டு படம். பாத்திரக் கடையில் உட்கார்ந்தே கிடக்கிறேன் என்று என் மனைவி தினமும் திட்டுவாள். அதனால்தான் இந்தப் புது வேலை. அதுவரை நான் ஒழுங்காக எடுத்தது என் கட்டை விரலை மட்டும்தான்.

"என்ன பாய், சைக்கிள் பாக்கவா?" என்றார் கண்டக்டர். "போங்க. அந்த ஊர்ல அறுப்பு நின்னுபோச்சு, சைக்கிள் மட்டுந்தான் ஓடுது."

சொன்னது சரிதான். வழியெல்லாம் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலிப் பேச்சு முறிந்ததால் யாரும் அரிவாளைத் தொடவில்லை. நெல் வந்து சேராத களத்தில்தான், ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் செல்வராசு ஏழு நாளாக இறங்காமல் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் சீட்டின் மேலேயே. ஒரு பக்கம் மிராசுதார் வீட்டு நாற்காலிகள், எதிர்ப் பக்கம் சிவப்புக் கொடியும் கூலிக்காரக் குடும்பங்களும். இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதில்லை. கைதட்டுவது மட்டும் சேர்ந்து நடந்தது.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் செல்வராசுவின் மனைவி பூங்காவனம். என் கேமராவைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"அவர தெளிவா ஒரு படம் எடுத்துக் குடுங்க பாய். புது ஊர்ல போய்ச் சொன்னா யாரும் நம்பறதில்ல. காட்டுறதுக்கு ஒண்ணுகூட இல்ல."

நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டேன். ஆனால் செல்வராசு வருவதற்குள் அழுத்தினேன், போன பிறகு அழுத்தினேன். பொறுக்கமாட்டாமல், "ஒரு நிமிஷம் நில்லுங்களேன்" என்று கத்தியும்விட்டேன். களமே சிரித்தது.

"நிக்கிறதுக்காங்க ஏழு நாளா ஓட்டுறேன்?" என்றபடி கடந்து போனார் செல்வராசு. எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

மாலை நான்கு மணிக்கு ஏழு நாள் கெடு முடிந்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து, மாலை போட்டு இறக்கிவிட வேண்டும். அதுவரை கால் தரையில் படக்கூடாது. அதுதான் முறை. மிராசுதார் மாலையோடு எழுந்தார். எதிர்ப் பக்கம் கூலிக்காரர்களின் சங்கத் தலைவரும் மாலையோடு எழுந்தார்.

"களம் என்னோடது," என்றார் மிராசுதார்.

"தெனம் கூட்டித் தண்ணி தெளிச்சது எங்க சனம்," என்றார் தலைவர்.

வாக்குவாதம் நீண்டது. செல்வராசு சுற்றிக்கொண்டே இருந்தார். கேமராவில் ஒரே படம் பாக்கி என்பதுதான் முதலில் என் கவலை. பிறகு அவர் கால்கள் நடுங்குவதைப் பார்த்தேன். ஹேண்டில் கோணியது.

பூங்காவனம் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். "மாலைய நீங்களே போட்டுக்குங்க. என் புருஷன நான் எறக்கிக்கிறேன்."

அவர் ஹேண்டிலைப் பிடிக்கவும் செல்வராசு அப்படியே அவர் தோளில் சரிந்தார். மாலைகளைக் கீழே எறிந்துவிட்டு மிராசுதாரும் தலைவரும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அழுத்தினேன். அவரைப் பாயில் கிடத்தியதும் இருவரும் அவரவர் பக்கம் திரும்பிப் போனார்கள்.

அடுத்த வாரம், செல்வராசுவும் பூங்காவனமும் போயிருந்த ஊருக்குப் பிரிண்டுகளோடு போனேன். தெளிவாக விழுந்தது கடைசிப் படம் மட்டும்தான். இரு பக்கமும் மிராசுதாரும் தலைவரும் தாங்க, செல்வராசு மனைவியின் தோளில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். மற்றதெல்லாம் கலங்கிய சக்கரம், இழுபட்ட சட்டை. வெட்கத்தோடு நீட்டினேன்.

பூங்காவனம் கலங்கலில் ஒன்றை எடுத்து விளம்பரத் தட்டியில் ஒட்டினார். "இதுல ஓடுறது தெரியுது பாய். ஊருக்கு இது போதும்."

"அந்தத் தெளிவான படம்?"

அதை அதற்குள் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். "அதுல அவரு நிக்கிறாரு. அது எனக்கு."

கும்பகோணம் திரும்பும் பஸ்ஸில் என் மனைவியின் திட்டு நினைவுக்கு வந்தது. புருஷன் ஓரிடத்தில் உட்கார்ந்தே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க, பூங்காவனத்துக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கு வாய்த்திருக்கிறது. பஸ் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று தோன்றியது.