லோர்னா எழுதிய வழி

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் வடகோடியில் வீடு விற்கும் தரகர்கள் நாங்கள் ஏழு பேர். விளம்பரத்தில் வீட்டுக்கு வழி எழுதுவதில் லோர்னா ஹாஸ்கெட்டை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பக்கத்துச் சரளைச் சாலைகளில் கைபேசி வரைபடம் ஆளைக் கோதுமை வயலுக்குள் கொண்டுபோய் விடும். லோர்னாவின் வரி வாசலில் விடும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அத்தை விட்டுப்போன வீட்டை விற்றுத் தரக் கேட்டு டெஸ் வோல்மர் லோர்னாவிடம் வந்தாள். கணவன் உடைத்த தாடை கோணலாகச் சேர்ந்திருந்தது. இரண்டு வருடமாக அவனுக்குத் தெரியாமல் இங்கே இருந்தாள்.

"என் பேரு வேணாம். படமும் வேணாம். டுவைன் கண்டுபிடிச்சா கொன்னுடுவான்."

"எனக்கே சொல்லித் தர்றியா? நிம்மதியா போ," என்றாள் லோர்னா.

பெயரையும் படங்களையும் நீக்கினாள். வழியை மட்டும் வழக்கம்போல ரசித்து எழுதினாள்: 'தானியக் கிடங்கைத் தாண்டி இரண்டாவது இடப்பக்கம். கதவில் சூரியகாந்தி வரைந்த மஞ்சள் பிக்கப் வண்டி நிற்கும் வீடு.'

எங்கள் வட்டார வீட்டு விற்பனைப் பட்டியலில் ஏற்றுவது ஒரு மணி நேரத்தில் எல்லா இணையதளங்களுக்கும் போய்விடும். இந்தப் பக்கம் மனைவிக்கு அத்தை உண்டு என்று தெரிந்த டுவைன் தினமும் அதைத் துழாவிக்கொண்டிருந்தான். சூரியகாந்தி, டெஸ் அவனோடு இருந்தபோதே வரைந்தது. அவனுக்கு அது போதும். இதற்காக எனக்கு இன்றும் லோர்னா மேல் கோபம் உண்டு; அவளிடம் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் லோர்னா சாலையோரம் விற்பனைப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. சம்மட்டியோடு ஓடினாள். வாசற்படியில் டுவைன் இரும்புக் கம்பியால் டெஸ்ஸின் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பிச் சிரித்தான். "ஏ கெழவி, நீதானா? நல்லா வழி எழுதியிருக்க. நேரா வாசலுக்கே கொண்டாந்து விட்டுருச்சு."

லோர்னா அவன் முழங்காலில் சம்மட்டியை இறக்கினாள். எலும்பு நொறுங்கியது. விழுந்தபடியே அவன் வீசிய கம்பி அவள் விரல்கள் மூன்றை உடைத்தது. அவள் மறுபடி ஓங்கி அவன் தோளை உடைத்தாள். எனக்கு அவன் மேல் துளி இரக்கமில்லை.

ஆம்புலன்ஸை அழைத்தாள். "எந்த வீடும்மா? வழி சொல்லுங்க."

"தானியக் கிடங்கத் தாண்டி ரெண்டாவது இடப்பக்கம்..."

டெஸ் இரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் காலைப் பிடித்தாள். "சூரியகாந்தியச் சொல்லு லோர்னா. இப்பச் சொல்லு."

சொன்னாள். பதினெட்டு நிமிடத்தில் வண்டி தடுமாறாமல் வாசலுக்கே வந்தது. டெஸ் அதற்குள் இறந்திருந்தாள். அந்த வண்டியில் டுவைன் உயிரோடு போனான்.