நான்கு மணி வண்டி

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே என்றால் விசில் அண்ணே. முதுகுக்குப் பின்னால் வெறும் விசில். நேரக்காப்பாளர் என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு மேசை, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதும் நீளப் பதிவேடு, சுவரில் கடிகாரம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். இருபத்தொன்பது வருடமாக இதுதான் அவருடைய ராஜ்யம். ஒரு முறை ஊதினால் நில். இரண்டு முறை ஊதினால் போ. நேரமான பிறகும் ஓட்டுநர் டீக்கடையில் கதை பேசிக்கொண்டிருந்தால், சன்னல் வழியாக இரண்டு விசில் பறக்கும். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து வண்டியை எடுக்காத ஓட்டுநர் அந்த நிலையத்தில் கிடையாது.

பயணிகளுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "வண்டி எப்பங்க வரும்?" என்று யார் கேட்டாலும் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "வந்துட்டே இருக்கு." வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் அது பொய்யில்லை என்பது அவர் கட்சி. எந்த வண்டியானாலும் எங்கிருந்தாவது வந்துகொண்டுதானே இருக்கும்?

"எங்க வீட்டுல பல்லு தேய்க்கிறதுக்குக்கூட புறப்படுற நேரம், வந்து சேர்ற நேரம் உண்டு" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் சொல்கிற கதை ஒன்றும் அவளிடம் இருந்தது.

அது அவர்கள் கல்யாணத்தன்று நடந்தது. அவர் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று பத்து வண்டியில் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். ஏறி உட்கார்ந்தாயிற்று. மணி மூன்று பத்தும் ஆயிற்று. ஓட்டுநர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைச் சட்டையின் பைக்குள் விசில் இருந்தது. அதை ஏன் கல்யாணத்துக்கு எடுத்து வந்தார் என்பதற்கு அவரால் இன்றுவரை பதில் சொல்ல முடிந்ததில்லை. எடுத்தார், இரண்டு முறை ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது. பெண்ணின் அம்மா அப்போதுதான் தெருமுனை திரும்பி, கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். முப்பது அடி தூரம். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய பெண்ணுக்கு அம்மாவின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"எங்கம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது" என்பாள். பிறகு அந்த அம்மா எத்தனையோ முறை வீட்டுக்கு வந்து போனாள். கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதனால் வழக்கு தீரவில்லை. இன்னும் இறுகித்தான் போயிற்று.

இருபத்தெட்டு வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நகை நட்டு எதுவும் நான் கேக்கல. பிள்ளைங்க கிளம்புறப்ப எம்மககிட்ட நான் நிதானமா நாலு வார்த்தை பேசணும். எங்கம்மாவுக்குக் கிடைக்காதது எனக்காவது கிடைக்கணும். இதையும் நீங்க கெடுத்தீங்கன்னா, இனிமே உங்ககிட்ட நான் எதையும் கேக்கவே மாட்டேன்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அதனால் போட்டுக்கொண்டார்.

"கவலையே படாத. இந்த ஊரே பேசற மாதிரி வழியனுப்பி வைக்கிறேன்" என்றார்.

"ஊர் பேச வேணாம். நான் பேசணும்."

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழைய பதிவேட்டின் வெற்றுத் தாள்களைக் கிழித்து, கோடு போட்டு, நேரம், நிகழ்ச்சி, பொறுப்பு, குறிப்பு என்று நாலு பத்தி பிரித்தார். கல்யாணம் எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் எப்படிப் புறப்பட வேண்டும் என்பதை இவர் எடுத்துக்கொண்டார். மணமக்கள் மாப்பிள்ளை ஊருக்கு ரயிலில் போகிறார்கள். அடுத்த ஊர் ரயில் நிலையத்துக்குக் காரில் நாற்பது நிமிடம்; ரயில் ஐந்தேகாலுக்கு. அப்படியென்றால் மண்டபத்து வாசலிலிருந்து கார் சரியாக நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். மூன்று முப்பதுக்குப் பெட்டிகள் ஏற்றுதல், பொறுப்பு மைத்துனர். மூன்று நாற்பதுக்குப் படம் எடுத்தல். மூன்று ஐம்பதுக்குத் தாயார் பேசுதல்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு நிமிஷமா?"

"சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கேன்."

"அவங்க மகன அவங்க தன்கூடதான் வச்சுக்கப் போறாங்க. ரெண்டு நிமிஷத்துல நான் செருப்பைக்கூட கழட்ட மாட்டேனே."

பேரம் பேசி அது ஐந்து நிமிடமாயிற்று. தாளிலும் திருத்தி எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

நான்கு மணிக்குத்தான் உச்சம். அவர் இரண்டு விசில் ஊதுவார். உடனே பேண்டு செட் முழங்கும், பலூன்கள் பறக்கும், கார் நகரும். கார் வாசலைத் தாண்டும்போது அவர் ஒரு விசில் ஊதுவார். அதற்கு மாடியில் கூடைகளோடு நிற்கும் மைத்துனரும் கூட்டாளிகளும் பூவைக் கொட்ட வேண்டும். காரின் பின்பக்கம் முழுக்க, கண்ணாடி தெரியாதபடி பூச்சரம் தொங்க வேண்டும் என்பதும் அவர் யோசனைதான்.

ஓட்டுவதற்கு ஓய்வுபெற்ற பழைய ஓட்டுநர் ஒருவரைப் பிடித்தார். பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் தலை வாருவதற்கு மட்டுமே பயன்படுத்தியவர் என்பதால் நிலையத்தில் அவர் பெயர் சீப்பு. இப்போது ரயில் நிலையத்துப் பக்கத்தில் மகன் வீட்டில் இருந்தார், காரும் மகனுடையது. இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். விசிலும் சீப்பும் இருபது வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். "நீ ஊது, நான் எடுக்கறேன். என்னிக்காவது தப்பியிருக்கா?" என்றார் சீப்பு.

முதல் நாள் ஒத்திகைகூட நடந்தது. மண்டபத்து வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மணமக்களாக உட்கார்ந்தன. மைத்துனர் முணுமுணுத்தார்: "மச்சான், பொண்ணு கொஞ்சம் ஆடுது. ஒரு கால் உடைஞ்சிருக்கு போல." நான்கு மணி அடித்தபோது நாற்காலிகள் கிளம்பத் தயாராக இருந்தன. அவருக்கு வாயெல்லாம் பல்.

கல்யாணத்தன்று மூன்று ஐம்பது வரைக்கும் எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. மகளை விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பியதிலிருந்து ஒன்றும் பிசகவில்லை. மூன்று ஐம்பதுக்குப் படம் எடுக்கிறவர் இன்னும் முடிக்கவில்லை. "மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க" என்று மகளைத் தூணுக்குத் தூண் நிறுத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து விடுபட்டால், சம்பந்தியின் அலுவலகத்து ஆட்கள் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து வளைத்துக்கொண்டார்கள். மனைவி ஓரமாக நின்று, தாளில் தனக்கென்று எழுதியிருந்த ஐந்து நிமிடமும் மற்றவர்கள் கையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கவனித்தார். ஆனால் மணி மூன்று ஐம்பத்தாறு.

"ஏறுங்க, ஏறுங்க" என்று மணமக்களைக் காருக்குள் அனுப்பினார். மனைவி சன்னல் பக்கம் போய்க் குனிவது தெரிந்தது. போகிற போக்கில் தன் கைப்பையை அவரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் புடிங்க" என்றாள். வாங்கிக்கொண்டார். சரி, இரண்டு நிமிடமாவது கிடைத்ததே என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு பேண்டு செட்காரர்களை ஒழுங்காக நிற்கவைக்கப் போனார்.

காரின் பக்கம் நடந்தது இவ்வளவுதான். மகள், "அம்மா, வெளிய ஒரே சத்தம், ஒண்ணும் கேக்கல, உள்ள வந்து உக்காரு" என்றாள். மாப்பிள்ளை மரியாதை தெரிந்த பிள்ளை. "நீங்க உக்காருங்க அத்தை" என்று இறங்கி முன் சீட்டுக்குப் போனான். அத்தை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவர் சொன்னபடியே தொங்கவிட்ட பூச்சரம் பின்சீட்டை முழுக்க மறைத்துக்கொண்டது.

மூன்று ஐம்பத்தொன்பது. அவர் நிமிர்ந்து காரைப் பார்த்தார். சன்னல் பக்கம் யாரும் இல்லை. தாளின்படி யாரும் இருக்கவும் கூடாது. கடிகார முள் நகர்ந்தது. இரண்டு விசில்.

இருபது வருடப் பழக்கத்தில் சீப்பு வண்டியை எடுத்தார். பேண்டு முழங்கியது, பலூன்கள் கிளம்பின. எல்லோரும் கையாட்டினார்கள். அவர் நெஞ்சு நிமிர்ந்து நின்றது. எந்த வண்டியும் இவ்வளவு அழகாகக் கிளம்பி அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் பூச்சரத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வெளியே வந்து ஆடியது. பச்சைக் கண்ணாடி வளையல்கள். காலையில் மனைவி போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

மாடியிலிருந்து மைத்துனர் எட்டிப் பார்த்துக் கத்தினார். "மச்சான்! அக்காவும் போகுது!"

அவர் ஒரு விசில் ஊதினார். நில் என்றுதான் ஊதினார். கொட்டு முழக்கத்தில் அது காருக்குக் கேட்கவில்லை. மாடியில் நின்றவர்களுக்குக் கேட்டது; ஒரு கூடைப் பூ அவர் தலைமேல் கொட்டியது. மறுபடி ஊதினார். இன்னொரு கூடை. மூன்றாவது முறை ஊதியபோது கார் தெருமுனை திரும்பிவிட்டது. மைத்துனர், "மச்சான், பூ தீந்துபோச்சு" என்றார்.

சம்பந்தி பக்கத்தில் வந்து அவர் தோளில் ஒட்டியிருந்த இதழ்களைத் தட்டிவிட்டார். "பிரமாதம் போங்க. சம்பந்தியம்மாவையும் சேத்து அனுப்பிட்டீங்களே. எம்பையனுக்கு இப்பவே மேற்பார்வையா?"

மனைவிக்குப் போன் செய்தார். அவர் கையிலிருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது. பிறகு மாப்பிள்ளைக்குச் செய்தார்.

"மாமா, அத்தை எங்ககூட இருக்காங்க."

"தெரியுது மாப்பிள்ளை. வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. நான் ஆட்டோல வந்துடறேன்."

கொஞ்ச நேரம் ஏதோ பேச்சுச் சத்தம். யாரோ சிரித்தார்கள். "வேணாமாம் மாமா. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டு பஸ்ல திரும்பிக்கிறாங்களாம். உங்களை விசில் ஊத வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

மண்டபத்தில் எல்லோரும் ஒவ்வொருவராக வந்து பாராட்டினார்கள். இப்படி ஒரு வழியனுப்புதலைப் பார்த்ததே இல்லை என்றார்கள். அது பொய்யுமில்லை. அவர் மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையில் பூவோடு, எல்லோருக்கும் தலையாட்டினார்.

ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் அறைக்கு வெளியே, பயணிகள் உட்காருகிற சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சு நடுவில் பள்ளமாக இருப்பது இத்தனை வருடமாக அவருக்குத் தெரியாது. ஆறு இருபது வண்டி ஆறரைக்கும் வரவில்லை. அவருக்குப் பதிலாக அன்று வேலைக்கு வந்திருந்த அம்மாள் உள்ளே பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சன்னலில் நின்றார்.

"ஆறு இருபது என்னாச்சும்மா?"

தலையைத் தூக்காமலே பதில் வந்தது. "வந்துட்டே இருக்கு."

"வந்துட்டே இருக்குன்னா எங்க இருக்கு?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, நீங்களா? நீங்க கேக்கலாமா இதை?"

திரும்பிப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பத்து வண்டியும், முப்பது அடியும், அந்த வாய் அசைவும் ஞாபகம் வந்தன. இதையும் கெடுத்தாயிற்றா, கொடுத்தாயிற்றா என்று அவருக்கே பிடிபடவில்லை. எத்தனை யோசித்தும் அவள் இறங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட முடியவில்லை.

வண்டி ஏழுக்கு வந்தது. மனைவி கடைசி ஆளாக இறங்கினாள். தலையில் பூ கசங்கியிருந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

"ரயில் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பேசினியா?"

"எங்க பேச. ஏறின அஞ்சாவது நிமிஷம் எந்தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. விடியக்காலை மூணு மணிக்கு எழுப்பினா வேற என்ன செய்வா? மாப்பிள்ளைதான் முன்னாடி உக்காந்து சீப்பு அண்ணன்கிட்ட ரோட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தாரு. பாவம்."

"நாப்பது நிமிஷமும் தூங்கினாளா?"

"ஆமா. கை மரத்துப் போச்சு. நான் அசைக்கல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "ரயில் ஏறுறப்பதான் முழிச்சா. ஃபிரிட்ஜ் தண்ணிய அப்படியே குடிக்காத, தொண்டை கட்டிக்கும்னு சொன்னேன். சரிம்மான்னா. ரயில எடுத்துட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருபத்தெட்டு வருடமாகச் சேர்த்து வைத்தது இவ்வளவுதானா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கையாட்டினாங்க இல்ல?" என்றாள்.

"உனக்குத்தான் ஆட்டினாங்க."

"பாத்தேன். நானும் ஆட்டினேனே. நீங்க மட்டும்தான் ஆட்டல. அவளுக்கும் ஆட்டல."

"ஒரு கையில உன் பை இருந்துச்சு."

"இன்னொரு கையில?"

அவள் நின்று கையை நீட்டினாள். பையைக் கழற்றிக் கொடுக்கப் போனார்.

"பை இல்ல. கழுத்துல இருக்கறது."

கறுப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் கொடுத்தார். அவர் தோளில் பை தொங்கியபடியே இருக்க, அதைத் திறந்து, போனுக்கும் கைக்குட்டைக்கும் அடியில் விசிலைப் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறப்ப கேளுங்க, தர்றேன்" என்றாள். பையை அவர் தோளிலேயே விட்டுவிட்டு, மரத்துப்போன கையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.