அத்தை தொட்ட வரி

கல்லறைத் திருநாளன்று சாந்தோமில் எங்கள் தெருவே சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அத்தைக்கு மட்டும் போக இடமில்லை. அவள் புருஷன் முதல் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய் அங்கேயே செத்தவர். கடிதம் வந்தது, உடம்பு வரவில்லை. ஒரு வருடம் அடுத்த வீட்டுக் கல்லறையின் ஓரத்தில் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டாள்.

"எங்க நைனா தலமாட்டுல உன் புருசனுக்கு இன்னாம்மா எடம்?" என்று அந்த வீட்டுக்காரி பிடுங்கி எறிந்தாள்.

எனக்குப் பத்து வயதானபோது சித்தப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். மாமாவோடு ஒரே பட்டாளத்தில் இருந்து, ஒரு காலை அங்கே விட்டுவிட்டுத் திரும்பியவர் அவர். மவுண்ட் ரோடு பக்கம் வெள்ளைக்காரர் கோயில் ஒன்றில், அந்தப் பட்டாளத்தில் செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்களாம்.

"பேரு இருந்தா ஆளு இருக்கற மாரிதானடா தம்பி?" என்றாள் அத்தை.

வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். சித்தப்பாவின் தாங்குகட்டை வேகத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

"இங்க மெழுகுவத்தி கொளுத்துற வழக்கமில்ல" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. பிறகு சித்தப்பாவின் காலைப் பார்த்தார். "சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புங்க."

சலவைக்கல்லில் அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு வரி. எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். அடியில் சிறிய எழுத்தில், உடன் இறந்த இந்தியச் சிப்பாய்கள் இத்தனை பேர் என்று ஓர் எண். இரண்டு முறை வாசித்தேன்.

"இன்னாடி, மாமா பேரு கெடச்சுதா?"

அத்தையின் கைச்சூட்டில் மெழுகுவர்த்தி வளைந்திருந்தது. எனக்கு எட்டிய வரியைத் தொட்டு, "இதான் அத்தை" என்றேன்.

அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். "எம்மாம் பெரிசா வெட்டிக்கீறாங்க!" என்றாள். கல்லில் உதட்டைப் பதித்து அழுதாள்.

சித்தப்பா நெருங்கி வந்து அந்த வரியைப் பார்த்தார். ஒற்றைக் காலில் விறைத்து நின்றார். வலது கை நெற்றிக்குப் போனது. மறுகணமே சுட்டதுபோல் கையை இறக்கிக்கொண்டார்.

"மச்சான்தானடா?"

"மச்சான்தான் அக்கா. நல்லா கும்ட்டுக்கோ." சொல்லிவிட்டு வெளியே போய்க் காறித் துப்பினார்.

அத்தை சாகும்வரை வருடந்தோறும் போய் அந்த வரியை முத்தமிட்டு வந்தாள். சித்தப்பா மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை.

அன்று அவர் மாமாவுக்குத்தான் சலாம் வைத்தார் என்றும், பெரியவர்கள் இருவரையும் நான் ஏமாற்றிவிட்டேன் என்றும் வழியெல்லாம் எனக்குப் பெருமை. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதுதான். ஆனால் நான் காட்டிய வரி 'கேப்டன்' என்று தொடங்கியது. கூடார வாசல் பலகையில் அந்த எழுத்துகளைக் கண்டால் கையைத் தூக்கும்படி மூன்று வருடம் அவரைப் பழக்கியிருந்தார்கள்.