வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நாய் பிரௌனி எலி மருந்தைத் தின்றுவிட்டது. அவசர சிகிச்சை என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் மிருக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம்.

அங்கே கவுண்டரில் பணம் வாங்க ஒருவர் இருந்தார்; மேஜையருகே வெள்ளைக் கோட்டில் இன்னொருவர். மருதாணி போட்டுச் சிவந்த தலைமுடி. டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார் என்று இந்தியில் சொல்லிவிட்டு, பிரௌனிக்கு ஒரு ஊசி போட்டார். என்ன மருந்து என்று கேட்டதற்கு, டாக்டர் வந்து சொல்வார் என்றார். நாய் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அவரோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரப் பாத்தா டாக்டர் மாதிரியே இல்லைங்க. சும்மா நம்மளப் பிடிச்சு வெச்சிருக்கார்" என்றாள் மனைவி, அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்.

அவர் குனிந்து, தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "டாக்டர் இன்னிக்கு வரமாட்டார்மா. வேற எங்கயாவது கொண்டுபோங்க, ஜல்தி."

"இத வந்ததுமே சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் பிரௌனியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, ஆட்டோவில் என் மடியில் பிரௌனியின் மூச்சு நின்றது.

மனசு கேட்காமல்தான் அவர் சொன்னார் என்கிறாள் மனைவி. தங்கள் மேஜையில் நாய் சாக வேண்டாம் என்று அனுப்பிவைத்தார் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் கவுண்டரில் இருந்தவருக்குப் புரியாதபடி அதை ஏன் தமிழில் சொன்னார் என்று யோசித்தால், என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.