அம்மாவின் ஐஸ் பெட்டி மூடி

கச்சேரியில் டிரம்ஸ் வாசிக்கிற என்னிடம், யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். யாரிடமும் இல்லை. அம்மாவின் ஐஸ் பெட்டி மூடியில் தட்டித் தட்டி வந்ததுதான். அம்மா விடியலில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, தருமபுரத்தில் வீடு வீடாக விற்பாள். சாயங்காலம் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும் மூடி என் மடிக்கு வந்துவிடும். "நிறுத்தாத பாப்பா, இன்னொரு தரம் அடி" என்பாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. பொம்பளைப் பிள்ளைக்கு மேளம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது, பள்ளிக்கூட பேண்டில் சேர அவளே கையெழுத்துப் போட்டாள்.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவில் ஒரு சாவு. பிணத்தை எடுக்கும்வரை தெருவில் யாரும் வியாபாரத்துக்குக் கிளம்பக் கூடாது.

"மத்தியானம் ஆயிரும். மூடியத் தொறந்துடாத" என்று கானாங்கெளுத்தி நிறைந்த பெட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மா சாவு வீட்டுக்குப் போனாள்.

அங்கே மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்படியொரு அடியை அதுவரை நான் கேட்டதில்லை. கை சும்மா இருக்குமா? மூடியைக் கழற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோனேன். அவர்கள் அடித்ததை அப்படியே பிடித்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பி வந்து பார்த்தால், ஐஸெல்லாம் உருகி மீன் தண்ணீரில் மிதந்தது. பயத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி மேலே பரப்பி மூடிவிட்டேன். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை; மத்தியானம் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் விற்றாள்.

மறுநாள் அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். வாடிக்கையான டீச்சர் வீட்டில் குழம்பை அப்படியே கொட்டிவிட்டு, இனிமேல் வராதீங்க என்று சொல்லிவிட்டார்களாம்.

"செவுளத் தூக்கிப் பாத்து, மோந்து பாத்துதான எடுத்தேன்... எனக்கு மூக்கு போயிட்டு போலருக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மூடியைத் தொடவிடமாட்டாள் என்ற பயம். அவ்வளவு கேவலமான காரணம்தான்.

அன்றிலிருந்து தினமும் விற்கப் போகும் முன் ஒரு மீனை என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "நீ மோந்து பாரு பாப்பா, நல்லாருக்கா?" ஏலத்தில் நாலு பேர் யோசனை கேட்ட பொம்பளை அவள். நல்லாருக்கு என்று நான் சொன்ன பிறகுதான் பெட்டியைத் தூக்குவாள்.

அவள் வியாபாரத்தை விட்டு இரண்டு வருஷமாகிறது. போன மாதம்தான் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்ப என் மூக்கு நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.