அய்யனாருக்கு ஒரு வைக்கோல் குதிரை

ஒரு நேர்த்திக்கடனைச் செலுத்த ராசம்மாள் பட்ட பாட்டை வேறு யாரும் பட்டு நான் பார்த்ததில்லை. கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊரில் அவள் வீடும் என் வீடும் ஒட்டி இருக்கின்றன.

போன வருசம் அவள் மகள் கனிமொழிக்கு டெங்கு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது, "அய்யனாரே, எம்பொண்ணு எழுந்து நடந்தா உனக்குக் குதிரை வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அய்யனார் கைவிடவில்லை. பிள்ளை தேறி, தஞ்சாவூரில் காலேஜுக்குப் போகிறாள். எங்கள் ஊரில் குதிரை என்றால் மண் குதிரைதான். தையில் குயவரிடம் சொல்லிவிட்டால் பங்குனித் திருவிழாவுக்குள் சுட்டுக் கொடுத்துவிடுவார். இவளும் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் அவள் போனில் ஒரு வீடியோ வந்தது. எந்தத் தேசமோ, பேச்சு புரியவில்லை. அறுத்த வயலில் வீட்டு உயரத்துக்கு ஒரு யானை, முழுக்க வைக்கோல். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ராசம்மாள் போனோடு ஓடிவந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க! நம்ம வைக்கோல்தான்க்கா இது. மாட்டுக்குப் போடுறதுதான்! இதுல குதிரை செய்யக்கூடாதா?"

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வாடிய முகம் அன்றைக்கு விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. நேரே பூசாரி துரைக்கண்ணுவிடம் போய்க் கேட்டாள்.

"நாலு காலு இருந்தா குதிரைதான் தாயி. ஆனா கோயில் வாசல்ல நிக்கணும். பாதியில விழுந்துச்சுன்னா ஏத்துக்க மாட்டேன்" என்றார் அவர். அது போதும் அவளுக்கு. குயவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து பிடித்தது கஷ்டம். எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனை எடுத்தால் யானையைக் காணோம். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். சமையல் வருகிறது, மாமியார் மருமகள் சண்டை வருகிறது, யானை மட்டும் வரவில்லை. "வைக்கோல் குதிரை" என்று போனிடம் வாயால் சொன்னால், வைக்கோல் கட்டும் மெஷின் வாடகைக்கு என்று காட்டுகிறது. மகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"லைக் போட்டியாம்மா?"

"இல்லியே."

"சேவ் பண்ணியா?"

"அப்படின்னா?"

"அப்ப விடும்மா. போனது போனதுதான்."

"நேத்து என் கையில இருந்த யானைடி. ராத்திரியோட எங்க போயிருக்கும்?" என்று எரிச்சலோடு போனைப் பாயில் எறிந்தாள்.

அடுத்தது வைக்கோல். அறுவடை மெஷின் கக்கிய வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், அதில் கயிறுபோலப் பிரி திரிக்க வராது. வயல்காரரிடம் கெஞ்சி ஒரு மூலையை விடச்சொல்லிக் கையால் அறுத்து வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஐயாவு ஏசிக்கொண்டே மூங்கிலில் கூடு கட்டிக் கொடுத்தார். உடம்பு வந்தது, கால் வந்தது, கழுத்து மட்டும் நிற்கவில்லை. நிமிர்த்தி வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் தலை தொங்கிவிடும்.

"அய்யனாரு இதுல ஏறினா, நடந்தே போயிக்கிறேன்னு எறங்கிடுவாருடி" என்பார் ஐயாவு.

"சும்மா இருங்க. அந்தத் தும்பிக்கை எப்படி நின்னுச்சு? ஒருதரம் பாத்தாப் போதும், ஒரே ஒருதரம்!"

கட்டுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போனைத் தள்ளுவாள். கையெல்லாம் கீறல். கடைசியில் மூங்கில் பட்டை ஒன்றை முதுகிலிருந்தே வளைத்துக் கொடுத்ததும் தலை நிமிர்ந்தது. பிடரியும் வாலுமாகக் குதிரை நின்றதைப் பார்த்து என்னையறியாமல் கும்பிட்டேன்.

திருவிழாவுக்கு முதல் நாள், பிரிகள் சிலுப்பிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நூல் புடவைக்குப் போடுவதுபோல வடிகஞ்சியைக் குதிரை முழுக்கத் தடவினாள். மொடமொடவென்று காயட்டும் என்று வெயிலில் விட்டுவிட்டு, மகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நான் கோயிலில் படையல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐயாவு நல்ல தூக்கத்தில் இருந்தார்.

அவள் திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டுப் பசு, கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, தலையையும் கழுத்தையும் தின்று முடித்து முன்னங்காலுக்கு வந்திருந்தது.

கோயில்வரை கேட்ட அவள் அலறலுக்கு நான் ஓடிவந்தேன். விளக்குமாற்றால் பசுவை விளாசிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன்டி அடிக்கிற?" என்றார் ஐயாவு. "வைக்கோல்ல கஞ்சியும் ஊத்தி வெயில்ல வச்சா, சாமி குதிரைன்னு அதுக்குத் தெரியுமா?"

கனிமொழி சிரித்துவிட்டாள். அவளுக்கும் முதுகில் ஓர் அடி விழுந்தது.

மறுநாள் மற்றவர்கள் மாலை போட்ட மண் குதிரைகளோடு போனார்கள். மறுபடி கட்ட ஒரு ராத்திரி போதாமல் ராசம்மாள் வெறுங்கையோடு நடந்தாள். தீபாராதனை காட்டும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உனக்குத்தானே செஞ்சேன்? ஊரைக் காக்குறியே, ஒரு மாட்டை வெரட்டத் தெரியலையா உனக்கு?" என்றாள்.

நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "சாமிகிட்ட இப்படியா பேசுவ?"

"வேற யாருகிட்டக்கா பேசச் சொல்றீங்க?"

பூசாரி கோபப்படவில்லை. திருநீற்றை நீட்டி, "அடுத்த பங்குனிக்கு வை தாயி. மறந்துடாம காசு முடிஞ்சு வச்சுக்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். "இன்னும் ஒரு வருசமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அந்த முடிச்சை இறுக்கினாள்.